எம்.எல்.ஏ. ஓட்டுக்கு மதிப்பு 176: எந்த ஆண்டுக் கணக்கு?

குடியரசுத் தலைவர் திரௌபதி முர்முவின் பதவிக்காலம் 2027 ஜூலை 24-இல் முடிகிறது. அதற்குள் அடுத்தவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். வாசகர் கடிதங்கள் பலவற்றில் ஒரே குழப்பம்: நம் எம்.எல்.ஏ.வின் ஓட்டுக்கு மதிப்பு 176, உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ.வுக்கு 208, சிக்கிம்காரருக்கு வெறும் 7. இது என்ன நியாயம்?

கணக்கு எளிது. மாநில மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்களின் எண்ணிக்கையால் வகுத்து, பிறகு ஆயிரத்தால் வகுக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கு 4.12 கோடியை 234-ஆலும், பிறகு ஆயிரத்தாலும் வகுத்தால் வருவதுதான் 176. நாட்டின் எல்லா எம்.எல்.ஏ. ஓட்டுகளின் மதிப்பையும் கூட்டி எம்.பி.க்களுக்குச் சமமாகப் பங்கிட்டால் எம்.பி. ஓட்டின் மதிப்பு கிடைக்கும். 2022-இல் அது 700. டெல்லிக்குப் பாதி, மாநிலங்களுக்குப் பாதி. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான்.

ஆனால் 4.12 கோடி என்பது 1971-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு! 1976-இல் அரசமைப்பின் 42-ஆவது திருத்தம் அந்தக் கணக்கெடுப்பை உறையவைத்தது. 2001-இல் 84-ஆவது திருத்தம் அதை நீட்டித்தது. குடும்பக் கட்டுப்பாட்டில் முந்திய மாநிலங்கள் தண்டிக்கப்படக் கூடாது என்பது காரணம். நமக்கு லாபம், ஒப்புக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பை வைத்துப் போட்டுப் பார்த்தேன்: தமிழ்நாட்டுக்கு 308, உத்தரப் பிரதேசத்துக்கு 496. மொத்த மதிப்பில் அவர்கள் இப்போது நம்மைப் போல் இரு மடங்கு. அப்போது ஏறக்குறைய 2.8 மடங்கு. மாநிலங்களுக்கிடையே ‘இயன்றவரை சீரான’ பிரதிநிதித்துவம் என்கிறது பிரிவு 55. நடைமுறையில் இருப்பது சீர்மையல்ல, சண்டை வேண்டாமென்று செய்துகொண்ட சமரசம்.

அந்தச் சமரசம் எப்போது முடியும் என்பதில்தான் சிக்கல். 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் கணக்கெடுப்பின் விவரங்கள் ‘வெளியிடப்படும்’ வரை 1971 செல்லும் என்கிறது சட்டம். புதிய கணக்கெடுப்பின் அடிப்படைத் தேதி பெரும்பாலான பகுதிகளுக்கு 2027 மார்ச் 1. போன முறை தற்காலிகத் தொகை 2011 மார்ச் 31-லேயே வந்துவிட்டது. இறுதி விவரம் வர 2013 ஆனது. இவற்றில் எது வெளியீடு? பிரிவு 55 சொல்லவில்லை. தற்காலிகத் தொகை ஜூலைக்கு முன் வந்தால், எந்த ஆண்டுக் கணக்கில் ஓட்டு எண்ணுவது என்ற வழக்கு உச்ச நீதிமன்றப் படியேறலாம். கணக்கெடுப்புத் துறை எந்தத் தேதியில் கோப்பை வெளியே விடுகிறது என்பது குடியரசுத் தலைவர் தேர்தலைத் தொடுகிறது. இதைப் பற்றி அரசுத் தரப்பு விளக்கமாகப் பேசினால் நல்லது.

மற்ற கேள்விகள்:

கட்சிக் கொறடா உத்தரவு உண்டா? கிடையாது, ரகசிய வாக்கெடுப்பு.

நியமன எம்.பி.க்கள்? ஓட்டு இல்லை. சட்ட மேலவை உறுப்பினர்களுக்கும் இல்லை.

புதுச்சேரி? உண்டு, எம்.எல்.ஏ. ஒருவருக்கு 16.

முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால்? இரண்டாம் விருப்ப ஓட்டுகள் எண்ணப்படும், 1969-இல் வி.வி.கிரி அப்படித்தான் வென்றார்.