விருந்தும் விலையும்

'விருந்து' என்னுஞ் சொல்லுக்குப் புதுமை என்பதே பழைய பொருள். தொல்காப்பியர் செய்யுளின் வனப்பு எட்டனுள் ஒன்றாக விருந்தை வைத்தார். அங்கே அது புதிதாகத் தொடுக்கப்படும் செய்யுளைக் குறித்து நின்றது. வீட்டுக்குப் புதிதாக வருபவரும் விருந்தாயினர். அவருக்குப் படைக்கும் உணவும் விருந்தாயிற்று. ஆதலின், அறியாத உணவொன்றை அறியாத இடத்தில் உண்ணச் செல்பவன் அச்சொல்லின் முழுப்பொருளிலும் விருந்தை நாடிச் செல்பவனே. சென்ற மாதம் நான் அவ்வாறு சென்று வந்தேன். அந்தக் கதையை அன்பர்கள் சற்றுக் கேட்கவேண்டும்.

என் மகள் ஆசிரிய நியமனம் பெற்று முதற்சம்பளம் வாங்கினாள். வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் வெளியிலே ஒரு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுக்கவேண்டும் என்பது அவளது நெடுநாள் ஆசை. கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குச் செல்லும் பெருஞ்சாலையோரத்தில், இளைஞர் மொய்க்கும் இத்தாலிய உணவகம் ஒன்றை அவள் தேர்ந்தாள். பெயர் ஈண்டு வேண்டா. இரண்டு நாள் முன்னரே மேசைக்குச் சொல்லிவைக்க வேண்டுமாம், அத்துணைப் புகழ்!

பிட்டும் மீனாணமும் தின்று வளர்ந்த பண்டிதனுக்கு இத்தாலியர் உணவு எதற்கு என்று நண்பர் சிலர் நகைத்தனர். எனக்கோ அது முற்றிலும் அயலாகத் தோன்றவில்லை. கி.பி. 1154இல் சிசிலித் தீவின் மன்னன் இரண்டாம் ரோஜருக்காக நிலநூல் ஒன்றை எழுதி முடித்த அறபு அறிஞர் அல் இத்ரீஸி, அத்தீவின் திரபியா என்னும் ஊரிலே 'இத்ரிய்யா' என்ற மாவிழைப் பண்டம் பெருமளவிற் செய்யப்பட்டதையும், அது முஸ்லிம் நாடுகளுக்கும் கிறிஸ்தவ நாடுகளுக்கும் கப்பலேறியதையும் குறித்துள்ளார். இன்று பாஸ்தா எனப்படும் பெருங்குடும்பத்தின் மூத்தோருள் அதுவும் ஒன்று. அதனை நம் இடியப்பத்துக்குத் தூரத்து உறவு என்று சொல்லிக்கொண்டால் யாரும் வழக்குத் தொடரார். பிட்ஸாவின் மேற் பூசும் தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பாவுக்கு வந்தது. நம் கறியைக் காரமாக்கும் மிளகாயும் அங்கிருந்து வந்ததே. நேப்பிள்ஸ் நகர்ப்புறத்துப் புகழ்பெற்ற மொஸரெல்லாச் சீஸோ எருமைப் பாலிற் செய்யப்படுவது. தயிர்ச் சட்டிகளைச் சாலையோரத்தில் அடுக்கி விற்கும் நம் நாட்டார்க்கு எருமைப் பாலின் அருமையைப் பிறர் சொல்லவும் வேண்டுமோ?

இவ்வாறெல்லாம் எண்ணி, இஷாத் தொழுகை முடிந்தபின், நல்ல பசியோடு சென்று அமர்ந்தேன்.

இசை பெரிதாயிருந்தது, வெளிச்சம் சிறிதாயிருந்தது. ஒரு மணி நேரம் காத்திருந்தபின் பிட்ஸா வந்தது. அதன் விளிம்பு கரிந்திருந்தது. நடுப்பகுதி வேகாத மாவாய் விரலில் ஒட்டிற்று. தக்காளிக் குழம்பு இருக்கவேண்டிய இடத்தில் போத்தலிலிருந்து ஊற்றிய இனிப்புச் சோஸ் இருந்தது. சீஸ் ஆறி இறுகிக் கிடந்தது. ஒரு துண்டை எடுக்க முயன்றபோது மேற்போர்வை முழுவதும் உடன் எழுந்தது. பாஸ்தாவைப் பல்லுக்குச் சற்றே பிடிகொடுக்கும் பதத்தில் இறக்குவது இத்தாலியர் மரபு. எங்களுக்கு வந்தது களி. பரிமாறிய பையன் தட்டை வைத்த கையோடு அடுத்த மேசையின் இலக்கத்தைக் கூவிக்கொண்டு மறைந்தான். சுற்றியிருந்தோர் கைத்தொலைபேசியிற் படமெடுத்துக்கொண்டு, பாதி உணவை விட்டெழுந்தனர். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சிறுபாணாற்றுப்படையிலே நல்லியக்கோடன் பாணர்க்குத் தானே அருகில் நின்று ஊட்டுகிறான். நம்மூர்க் கலியாணங்களில் விருந்தினர் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும்போது, வீட்டுக்காரர் சஹனுக்குச் சஹன் சென்று, "சோறு போதுமா? ஆணம் வேணுமா?" என்று கேட்டுத் திரிவாரன்றோ? விலைக்கு விற்கும் கடையில் அவ்வளவை எதிர்பார்த்தல் முறையன்று. ஆயினும், கேட்பார் ஒருவர் இருந்திருந்தால், அந்த வேகாத மாவு மீண்டும் அடுப்புக்குப் போயிருக்கும்.

"எப்படி வாப்பா?" என்றாள் மகள்.

விருந்தளிப்பவர் முகம் கோணினால் விருந்தினர் வாடுவர் என்று கண்டவர் வள்ளுவர். அன்றிரவு என் நிலை தலைகீழ். விருந்தளித்தவளின் முகம் வாடாமற் காத்தல் விருந்தினனாகிய என் கடனாயிற்று. "நல்லாயிருக்கு மகள்" என்றேன்.

"பொய் வாப்பா. பிள்ளைகளின் கட்டுரைத் தாளில் 'முயற்சி நன்று' என்று எழுதும்போது உங்கள் முகம் இப்படித்தான் இருக்கும்!"

அவள் உம்மா சிரித்தாள். மகளும் சிரித்தாள். ஆனால், பற்றுச்சீட்டைக் கையில் எடுத்தபோது அவள் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் வீட்டின் ஒரு வாரச் சந்தைச் செலவு அதில் இருந்தது.

வீடு திரும்பியும் உறக்கம் வரவில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறைகூறியதில்லை. விருப்பமாயின் உண்பார்கள், இன்றேல் விட்டுவிடுவார்கள் என்று சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். அதே பெருமானார் சந்தையிலே தானியக் குவியலுக்குள் கையை நுழைத்து, உள்ளே ஈரங்கண்டு, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று விற்றவரை வினவினார்கள் என்பதையும் கேட்டிருக்கிறோம். இவை முரண்பட்டனவா? அல்ல. முன்னது உண்ணவைத்த உணவு. பின்னது விற்கவைத்த சரக்கு. என் இடர்ப்பாடு யாதெனில், அன்றிரவு என் முன்னிருந்த தட்டு இரண்டுமாய் இருந்தது. மகளின் பக்கம் நின்று பார்த்தால் அது கொடை. கடையின் பக்கம் நின்று பார்த்தால் சரக்கு. கொடைக்குரிய நன்றியைச் சொன்னேன். சரக்குக்குரிய உண்மையையோ அந்தக் களியோடு சேர்த்து விழுங்கிவிட்டேன்.

மறுநாள் அஸர் தொழுதபின் தனியே அக்கடைக்குச் சென்றேன். கூட்டம் இல்லை. அடுப்புக்குப் பொறுப்பான இளைஞரை அழைத்து, உள்ளதைத் தாழ்ந்த குரலிற் சொன்னேன். அவர் சினந்துகொள்ளவில்லை. "தெரியும் சேர்" என்றார். நேப்பிள்ஸில் 400 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட விறகடுப்பில் ஒன்றரை நிமிடத்துக்குள் பிட்ஸா வெந்துவிடும். இவரிடம் இருப்பது சிறிய மின்னடுப்பு. கூட்டம் பெருகியதும் கதவைத் திறந்து திறந்து மூடுவதால் அடித்தட்டின் சூடு இறங்கிவிடுகிறது, மேற்கம்பியோ எரிந்துகொண்டேயிருக்கிறது. ஆகவே மேலே கரிகிறது, கீழே வேகவில்லை. குறையும் காரணமும் அவர் அறிந்தவையே.

"தெரிந்துமா தம்பி கொடுக்கிறீர்கள்?"

"ஒருத்தரும் ஒன்றும் சொல்லல்லையே சேர். நல்லாயிருக்கு என்றுதான் எல்லாரும் போறாங்க."

அந்த விடை என்னைச் சுட்டது. நேற்றிரவு அவ்வாறு சொல்லிச் சென்றோருள் நானும் ஒருவனல்லனோ? மேசையில் மௌனம், வீதியில் வசை. இதுவே நம் வழக்கம். பிழையைத் திருத்தாது புள்ளி போடும் ஆசிரியனை நாம் இரக்கமுள்ளவன் என்போமா? 2017ஆம் ஆண்டிலே நேப்பிள்ஸ் பிட்ஸாக் கலைஞரின் கைவினையை யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. அவ்வாறான ஒரு கலை, தலைமுறை தலைமுறையாகக் குறை கண்டு சொல்வாரும் அதைக் கேட்டுத் திருந்துவாரும் இன்றி வளர்ந்திருக்குமா?

நண்பர்காள்! உண்ணத் தந்தவரிடம் நன்றி சொல்லுங்கள். விற்றவரிடம் உண்மை சொல்லுங்கள். உண்மையையும் பலர் நடுவே உரக்கச் சொல்லாது, அவர் காதருகே சொல்லுங்கள்.

கூட்டமுள்ள இரவுகளில் ஒரே நேரத்தில் ஏற்கும் மேசைகளைக் குறைத்துப் பார்ப்பதாக அவ்விளைஞர் சொன்னார். நான் போய் வந்ததை மகளிடமும் சொல்லிவிட்டேன். அவள் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்படியென்றால் அடுத்த சம்பளத்துக்கும் அங்கேதான் வாப்பா" என்றாள்.

பார்ப்போம். இம்முறை முகத்தை மறைக்கப்போவதில்லை.