வட்டுவாகல் வீதிக்கு ஒரு பெயர்ப்பலகை

பழைய நீர்கொழும்பு வீதியால் போகிறவர்களுக்குத்தான் ரத்தொலுவச் சந்தி தெரியும். எங்கள் மட்டக்குளியிலிருந்து என்றால் களனி கங்கைப் பாலத்தைத் தாண்டி, ஹெந்தளை, வத்தளை, கந்தானை, ஜா-எல என்று போய்ச் சீதுவையில் அந்தச் சந்தியைப் பிடிக்கலாம். வீதியோரத்தில் ஒரு நினைவுச் சின்னம். அதை ஒட்டிய சுவரில் வரிசை வரிசையாகக் காணாமலாக்கப்பட்டவர்களின் முகங்கள். பெரும்பாலும் இளம் முகங்கள். தொழிலாளர் உரிமைக்காகச் செயற்பட்ட இருவர் 1989 ஒக்டோபர் 27 அன்று கொல்லப்பட்டு, அந்தச் சந்தியில் எரிக்கப்பட்டார்கள். அந்த இடத்திலேயே 2000ஆம் ஆண்டில் ஓவியர் சந்திரகுப்த தேனுவர வடிவமைத்த சின்னம் எழுந்தது. ஆண்டுதோறும் ஒக்டோபர் 27இல் தெற்கின் தாய்மார் அங்கே கூடுகிறார்கள். பிள்ளையின் படத்தைத் தொட்டுப் பார்த்து, விளக்கேற்றிவிட்டுப் போகிறார்கள்.

2013இல் கட்டுநாயக்க அதிவேகப் பாதை திறந்த பிறகு விமான நிலையப் பயணிகள் அந்தச் சந்தியைக் காண்பதில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரை ஏற்றிவரும் நாங்களும் அதிவேகப் பாதையையே பிடிக்கிறோம். ஆனாலும் தெற்கின் தாய்மார் பெருவீதி ஒன்றின் ஓரத்தில் தங்கள் பிள்ளைகளுக்காக ஓர் இடத்தை உண்டாக்கி, கால் நூற்றாண்டாக அதைக் காப்பாற்றி வருகிறார்கள். பத்தரமுல்லையில் ஜகத் வீரசிங்க வடிவமைத்து 1999இல் எழுப்பிய அப்பாவிகளின் நினைவிடம் கவனிப்பாரற்றுச் சிதைந்து, இன்று அங்கே இல்லை. அது அரசு கட்டியது. ரத்தொலுவச் சின்னம் குடும்பங்கள் கட்டியது. அதனால்தான் இன்னும் நிற்கிறது என்பது என் எண்ணம்.

வடக்கில் இப்படி ஒரு வீதி இல்லையா? இருக்கிறது. பரந்தனில் ஏ-9 வீதியிலிருந்து பிரிந்து கிழக்கே முல்லைத்தீவுக்குப் போகும் ஏ-35 வீதி. தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் என்று அதன் ஊர்களைச் சொன்னாலே வன்னி மக்களுக்கு 2009இன் இறுதிப்போர் முழுவதும் நினைவுக்கு வரும். அந்த ஆண்டு மே மாத நடுப்பகுதியில் உயிரோடு எஞ்சியவர்கள் நந்திக்கடலின் வாயில் இருக்கும் ஒடுங்கிய வட்டுவாகல் பாலத்தைக் கடந்தே இராணுவத்திடம் வந்து சேர்ந்தார்கள். மே 18இல் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப் அடிகளாருடன் சரணடைந்த போராளிகளும் அவர்களில் அடக்கம். கைக்குழந்தைகளோடு போன குடும்பங்களும் இருந்தன. சரணடைந்தவர்களைப் பஸ்களில் ஏற்றியதைக் கண்ட மனைவிமார், தாய்மார் இருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர்களைக் கண்டவர் இல்லை. அடிகளாரும் திரும்பவில்லை. ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு எதிர்த் தரப்பின் கையில் தன்னை ஒப்படைத்தவரை எந்த நாட்டுச் சட்டமும் பாதுகாக்கச் சொல்கிறது. உறவுகளைக் கையளித்த குடும்பங்கள் கண்முன் நின்று சாட்சி சொல்லியும் பதில் வரவில்லை.

அதே வீதியில் இன்னொரு கணக்கும் தீராமல் கிடக்கிறது. 1996 ஜூலை 18இல் புலிகள் முல்லைத்தீவு இராணுவ முகாமைத் தாக்கி வீழ்த்தினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமற்போனார்கள். பலரின் உடல் வீட்டுக்கு வரவேயில்லை. 1998 செப்டெம்பரில் கிளிநொச்சியிலும் அதுவே நடந்தது. கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் இளம் அதிகாரியான மகன் அந்த ஆண்டில்தான் காணாமற்போனார். விசாகா வீட்டிலிருந்து அழுதுகொண்டிருக்கவில்லை. காணாமற்போன படையினரின் பெற்றோரைத் திரட்டினார். வன்னிக்கே போய்ப் புலிகளிடம் பிள்ளைகளைப் பற்றிக் கேட்டார். போர்முனைக்குப் போகும் சிப்பாய்க்குக் கழுத்தில் மாட்டும் அடையாளத் தகடு கொடுங்கள் என்று அரசிடம் வாதாடினார். உடல் கிடைத்தாலும் பெயர் தெரியாமல் புதைக்கப்படக் கூடாது என்பதற்காக. கம்பஹா, குருநாகல், அநுராதபுரம் பக்கத்து ஏழை விவசாய வீடுகளிலிருந்து போன பிள்ளைகள்தான் அவர்களில் அதிகம். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் பதிவில் இன்னும் கண்டறியப்படாத 16,000க்கும் மேற்பட்டோரில் 5,000க்கும் அதிகமானோர் படையினரும் பொலிஸாரும். 2013இல் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்கு வந்த 21,000க்கும் மேற்பட்ட முறைப்பாடுகளிலும் ஏறத்தாழ 5,000 படைக் குடும்பங்களுடையவை.

கைதாகித் திரும்பியவரும் உண்டு. 1994 செப்டெம்பரில் மன்னாருக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்ட 'சாகரவர்தன' கப்பலின் தளபதி அஜித் போயகொட எட்டு ஆண்டுகள் புலிகளின் சிறையில் இருந்து, போர்நிறுத்தத்துக்குப் பின் 2002இல் வீடு சேர்ந்தார். செஞ்சிலுவைக் குழுவினர் போய்ப் பார்த்தார்கள், கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உயிரோடு இருக்கிறார் என்று மனைவிக்குத் தெரிந்திருந்தது. போயகொடவிடம் கேட்டுச் சுனிலா கலப்பத்தி எழுதிய ஆங்கில நூல் 2016இல் வந்தது. தன்னைச் சிறைவைத்தவர்களையும் மனிதர்களாகவே அவர் பார்த்திருக்கிறார். கைதியின் பெயரை ஒரு தாளில் எழுதி வைத்தால் அவர் உயிர் பிழைக்க வழியுண்டு என்பதற்கு அவரே சாட்சி. 1990 ஜூனில் கிழக்கில் புலிகளிடம் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிஸாருக்கு அந்தத் தாள் கிடைக்கவில்லை. வட்டுவாகலில் பஸ் ஏறியவர்களுக்கும் கிடைக்கவில்லை.

இப்போது ஏ-35 வீதியில் என்ன இருக்கிறது? புதுக்குடியிருப்பில் நீர்நிலைக்கு நடுவே கொடியும் துப்பாக்கியும் ஏந்திய சிப்பாயின் சிலை, வெற்றிச் சின்னம். முள்ளிவாய்க்காலில் ஒவ்வொரு மே 18இலும் மக்கள் ஏற்றும் சுடர். காணாமற்போன சிப்பாய்க்கு அந்த வெற்றிச் சிலையிலும் இடமில்லை. வெற்றிக் கதைக்குள் அவன் அடங்குவதில்லை.

வீதியில் வேறு விதமாகவும் நினைவை வைக்கலாம். அமெரிக்காவில் வியட்நாம் போர்க் கைதிகளின் குடும்பங்கள் 1970களின் தொடக்கத்தில் ஒரு கறுப்புக் கொடியை உருவாக்கின. குனிந்த தலை, காவற்கோபுரம், முட்கம்பி. பின்னர் மாநிலம் மாநிலமாக நெடுஞ்சாலைகளுக்குப் போர்க் கைதிகள், காணாமற்போன வீரர்கள் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பலகைகள் கல்லறைப் பலகைகள் அல்ல. வியட்நாம் போரில் இன்னும் கணக்கில் வராத 1,500க்கும் மேற்பட்டோரைத் தேடும் வேலையை அந்த அரசு இன்றும் செய்கிறது. பலகை அதை மறக்கவிடாமல் வைத்திருக்கிறது. அவர்கள் முதன்மையாகத் தங்கள் வீரர்களையே தேடுகிறார்கள். அந்தப் போரில் காணாமற்போன வியட்நாமியர் தொகை அதைவிடப் பன்மடங்கு. நாங்கள் அந்தக் குறையோடு தொடங்க வேண்டியதில்லை.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரி முதல் வீதியோரக் கொட்டகைகளில் போராடும் தாய்மார், ஏ-35 வீதிக்கும் அப்படி ஒரு பலகை வேண்டும் என்று நான் சொல்வதைக் கேட்டதும் முதலில் மறுப்பார்கள், அது எனக்குத் தெரியும். 'நினைவுச் சின்னம் வேண்டாம், பிள்ளை வேண்டும்' என்பதே அவர்களுடைய பேச்சு. 2016இன் சட்டப்படி கிடைக்கும் காணாமை அத்தாட்சிப் பத்திரத்தையும், 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமல் போனோர் பற்றிய அலுவலகத்தையும் அவர்களில் பலர் ஏற்காததற்கும் அதுவே காரணம். நட்டஈட்டைக் கொடுத்துக் கோப்பை மூடிவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே நான் கேட்பது அஞ்சலிப் பலகை அல்ல. இறந்தவர் என்ற சொல் அதில் வரக் கூடாது. இந்த வீதியில், இந்தத் திகதியில், இன்னார் கையில் ஒப்படைக்கப்பட்டவர்கள், இந்த முகாமிலிருந்து திரும்பாதவர்கள், இவர்களைப் பற்றிய பதில் இன்னும் வரவில்லை என்று மூன்று மொழியிலும் எழுதிய பலகை. பதில் வரும்வரை நிற்கும் பலகை.

இரு தரப்பையும் ஒரே பலகையில் எழுதலாமா என்று கேட்பவர்களும் இருப்பார்கள். சரணடைந்தவரைக் காணாமல் ஆக்கியதும் போரில் ஒருவர் தொலைந்துபோனதும் ஒன்றல்ல. அதை நான் ஒன்றாக்கவில்லை. பலகையில் அது தனித்தனியாகவே இருக்கட்டும், குற்றம் குற்றமாகவே எழுதப்படட்டும். ஆனால் குருநாகல் தாயும் முல்லைத்தீவுத் தாயும் ஒரே வீதிக்கு வந்து ஒரே அரசைப் பார்த்துக் கேள்வி கேட்கும் நாளில், அந்தக் கேள்வியை இனவாதம் என்று தள்ளிவிட எந்த அரசியல்வாதிக்கும் வாய் வராது. ரத்தொலுவவுக்கு அண்மைய ஆண்டுகளில் வடக்கிலிருந்தும் குடும்பங்கள் வந்திருக்கின்றன. பாதை அங்கேயே திறந்துவிட்டது.

இதற்கு வாய்ப்பான நேரம் இப்போதுதான். பழைய வட்டுவாகல் பாலத்துக்குப் பதிலாகப் புதியதைக் கட்டும் வேலையை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2025 செப்டெம்பரில் தொடக்கி வைத்தார். அகலமான பாலம் அந்த மக்களுக்கு எப்போதோ கிடைத்திருக்க வேண்டியது, வரட்டும். பாலம் முடிந்ததும் வழக்கம்போல அமைச்சரின் பெயரோடு ஒரு கல் வைப்பார்கள். அந்தக் கல்லுக்கு முன்பே, வீதி அபிவிருத்தி அதிகார சபையின் வரைபடத்திலேயே இந்தப் பலகைக்கும் இடம் ஒதுக்க வேண்டும். வாசகத்தைக் கொழும்பில் உட்கார்ந்து யாரும் எழுத வேண்டாம். முல்லைத்தீவுக் கச்சேரிக்குச் சரணடைந்தோரின் குடும்பங்களையும் 1996இல் காணாமற்போன படையினரின் குடும்பங்களையும் அழையுங்கள், மொழிபெயர்ப்பாளரை வையுங்கள், ஒருநாள் முழுக்க அவர்கள் பேசட்டும். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால், அந்தப் பதிலையும் எழுதி வையுங்கள். பழைய பாலத்தின் ஒரு கண்ணையாவது இடிக்காமல் விடுங்கள் என்றும் கேட்கிறேன், ஏனென்றால் நாளை ஒரு விசாரணை நடந்தால் சாட்சிகள் விரல் நீட்டிக் காட்டப் போவது அதைத்தான்.