மங்கிய பார்வையும் பழைய கணனித் திரையும்

முதுமையிற் பார்வை மங்குதல் புதுமையன்று. ஆயினும், வாசிக்கும் பழக்கம் உடையோருக்கு அஃது உலகத்தோடு கொண்ட தொடர்பே அறுந்து போவதற்கு ஒப்பாகும். கடல் கடந்து வாழும் பிள்ளைகளின் கடிதமும், நாட்செய்தியும், வங்கிக் கணக்கும் இன்று பலருக்குக் கணனித் திரை வழியாகவே வந்து சேர்கின்றன. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்த கணனியின் சிறு திரையை உற்று நோக்கிக் களைத்து, ஈற்றில் "இனி இது எனக்கு ஆகாது" என்று ஒதுங்கிவிடும் முதியோர் பலர். அவர்களுட் பெரும்பாலார் ஒதுங்கவேண்டிய அவசியமில்லை. ஏற்றவாறு திரையை மாற்றினாற் போதும். ஏற்றது யாதென அறியாது மாற்றினாலோ பணம் வீணாகும், கண்ணும் நோகும்.

முதற்கண் செய்யத்தக்கது கண் வைத்தியரைக் காண்பதே. கண்ணிற் புரை படர்ந்திருப்பின் அதனைச் சத்திரசிகிச்சையால் நீக்கலாம். பெரிய திரை அதற்கு மருந்தாகாது. மூக்குக்கண்ணாடியையும் கவனித்தல் வேண்டும். நூல் வாசிப்பதற்கென அமைந்த கண்ணாடி ஏறத்தாழ 40 சதமமீற்றர் தூரத்திற்கு ஏற்றது. கணனித் திரையோ வழக்கமாக 60 சதமமீற்றர் அளவில் நிற்கிறது. ஒன்றில் திரையின் தூரத்தை அளந்து சொல்லி அதற்கென ஒரு கண்ணாடி பெறுதல் வேண்டும். அன்றேல் திரையைக் கண்ணாடியின் தூரத்திற்குக் கொண்டுவருதல் வேண்டும்.

இனி எழுத்தின் அளவை நோக்குவோம். ஒருவரின் பார்வை 6/18 என்று வைத்தியர் குறித்தால், நல்ல பார்வையுடையோர் 18 மீற்றர் தூரத்தில் நின்று காணும் எழுத்தை இவர் 6 மீற்றரில் நின்றே காண்பார் என்பது பொருள். அதாவது, இவருக்கு எழுத்து மும்மடங்கு பெரிதாதல் வேண்டும். 60 சதமமீற்றர் தூரத்தில் நல்ல கண் காணக்கூடிய மிகச் சிறிய எழுத்தின் உயரம் ஏறத்தாழ 0.9 மில்லிமீற்றர், இவருக்கோ 2.6 மில்லிமீற்றர் வேண்டும். அதுவும் எழுத்தை அடையாளங் காண்பதற்கு மட்டுமே. களைப்பின்றிப் பக்கம் பக்கமாக வாசிக்க அதனினும் இருமடங்கு, சுமார் 5 மில்லிமீற்றர், தேவைப்படும்.

பழைய 19 அங்குலத் திரையொன்று குறுக்கே 1,280, நெடுக்கே 1,024 ஒளிப்புள்ளிகள் கொண்டது. ஒரு புள்ளியின் அகலம் 0.29 மில்லிமீற்றர். ஆங்கிலச் சிற்றெழுத்தொன்று வழக்கமாக ஏழு புள்ளி உயரம் இருக்குமாயின், அதன் அளவு 2 மில்லிமீற்றரே. மேற்சொன்ன முதியவர் அதனை வாசிக்க முடியாமற் போவது அவரது முயற்சிக் குறைவன்று; கணக்கே அப்படி. தமிழுக்கோ இன்னும் இடர் மிகுதி. தலைமேற் குத்தும் ஒரு சிறு புள்ளியே மெய்யையும் உயிர்மெய்யையும் பிரிக்கின்றது. ணகரத்தையும் னகரத்தையும் வேறுபடுத்துவது ஒரு சுழியே.

பெரிய திரை வாங்கினால் எழுத்துத் தானே பெரிதாகும் என்று பலரும் எண்ணுவர். அஃது உண்மையன்று. குறுக்கே 1,920, நெடுக்கே 1,080 புள்ளிகள் கொண்ட 22 அங்குலத் திரையில் ஒரு புள்ளி 0.25 மில்லிமீற்றரே, ஆகவே எழுத்து முன்னையினும் சிறுக்கும்! அதே எண்ணிக்கைப் புள்ளிகளை 27 அங்குலத் திரையிற் பரப்பினால் ஒரு புள்ளி 0.31 மில்லிமீற்றராகும். அளவோடு புள்ளிகளின் எண்ணிக்கையையும் கேட்டறிந்தே வாங்குதல் வேண்டும்.

திரையை மாற்றியபின் கணனியின் அமைப்புகளில் எழுத்தளவை 150 வீதமாக உயர்த்துக. 27 அங்குலத் திரையில் எழுத்து 3.3 மில்லிமீற்றராகும். திரையை 40 சதமமீற்றருக்கு அருகே கொணர்ந்தால், 60 சதமமீற்றரில் 5 மில்லிமீற்றர் எழுத்தைக் காண்பதற்கு அது சமமாகும். நாம் வேண்டிய அளவு கிட்டிவிட்டது. வாசிப்புக் கண்ணாடியும் பொருந்திவிட்டது. பழைய திரையிலேயே 200 வீதமாக்கினால் என்ன என்று கேட்கலாம். எழுத்துப் பெருகும், ஆனால் பக்கத்தின் காற்பங்கே கண்ணுக்குத் தெரியும். புள்ளிகளின் எண்ணிக்கையைக் குறைத்து எழுத்தைப் பெருப்பித்தல் அதனினும் தீது; எழுத்தின் விளிம்புகள் கலங்கிப்போம்.

பழைய பெட்டி புதிய திரைக்கு ஈடுகொடுக்குமா? அதன் பின்புறத்தைப் பாருங்கள். பதினைந்து துளைகள் கொண்ட, பெரும்பாலும் நீலநிறமான வீ.ஜீ.ஏ. இணைப்பு 1987 இல் வந்தது. அதனூடே படம் சற்றே கலங்கி வரலாம். 1999 இல் வந்த டீ.வீ.ஐ., 2002 இல் வந்த எச்.டீ.எம்.ஐ. ஆகியவற்றுள் ஒன்று இருப்பின் அதனையே பயன்படுத்துக, எழுத்து கூர்மையாகும். புள்ளிகள் நான்மடங்கான விலையுயர்ந்த திரையைப் பழைய பெட்டிக்கு வாங்குதல் பெரும்பாலும் வீண். பல பழைய பெட்டிகள் அதனை விநாடிக்கு முப்பது தடவையே புதுப்பிக்க வல்லன. விண்டோஸ் 10 இற்கான வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 ஒக்டோபரில் முடிந்தமையால் சிலர் பெட்டியையும் மாற்ற நேரலாம். அப்பொழுதும் இன்று வாங்கும் திரை உடன்வரும்.

எல்லார்க்கும் பெரிய திரையே நன்றென்பதும் இல்லை. கண்ணழுத்த நோயாற் பக்கப் பார்வை குறுகியவருக்குப் பரந்த திரை தேடலையே மிகுவிக்கும். அவருக்கு 24 அங்குலம் போதும். ஒளி கூசுவோருக்குக் கருநிறப் பின்னணியில் வெண்ணிற எழுத்து இதமளிக்கும். பளபளப்பற்ற பரப்புடைய திரையை, யன்னல் முன்னும் பின்னும் அமையாது பக்கவாட்டில் அமையுமாறு வைத்தல் வேண்டும்.

வாங்குமுன் அந்த முதியவரையே கடைக்கு அழைத்துச் சென்று, அவர் நாள்தோறும் வாசிக்கும் தமிழ்ப் பக்கமொன்றைத் திரையில் இட்டு, அவர் வாயாலேயே வாசிக்கச் செய்க. விலைச்சீட்டிலுள்ள எண்கள் வழிகாட்டுமேயன்றித் தீர்ப்புக் கூறா. வாசிக்கப்போகும் கண்ணே இதில் நீதிபதி.