மண்ணுக்குள் மர வாள்!

பட்டாளக் குடியிருப்பில் விளையாட்டுச் சாமானுக்கு என்ன வேலை?

வட இங்கிலாந்தில் விண்டோலாண்டா என்று ஓர் இடம். சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன் ரோமாபுரிப் பட்டாளம் அங்கே தங்கியிருந்தது. குதிரை வீரர்களின் குடியிருப்பை 2017-ம் ஆண்டில் தோண்டினார்கள். இரும்பு வாள், சீப்பு, தோல் செருப்பு எல்லாம் கிடைத்தன. காற்றுப் புகாத ஈர மண்ணில் மரமும் தோலும் மக்கவில்லை. கூடவே சின்னஞ்சிறு மர வாள் இரண்டு! ஒன்றின் பிடியில் கல்கூடப் பதித்திருந்தது. குழந்தைகளுக்குச் செய்தது என்கிறார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சாதாரணச் சிப்பாய் கல்யாணம் செய்யக் கூடாது என்பது அந்நாளைய ரோமச் சட்டம். ஆனால் அந்தக் கோட்டையில் குழந்தைகளின் செருப்புகளும் பல அகப்பட்டிருக்கின்றன. சட்டம் ஒரு பக்கம் இருக்க, சிப்பாய்கள் குடும்பம் நடத்தியிருக்கிறார்கள்!

ஒருநாள் அவசரமாகக் கிளம்பியிருக்க வேண்டும். நல்ல வாளையே விட்டுப் போனவர்கள், பிள்ளையின் மர வாளையா தேடுவார்கள்?