தலை வாரினேனா, வாரிக்கிட்டேனா?

இந்த மாதச் சுவரிதழில் ஒரு குட்டிச் சொல்லைப் பற்றி எழுதுகிறேன். அதை நாம் எல்லோரும் காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கிற வரைக்கும் சொல்கிறோம். ஆனால் சொல்கிறோம் என்றே தெரியாது. அதுதான் 'கொள்'. பேச்சில் அது 'கிட்டேன், கிட்டாங்க, கிறேன்' என்று தேய்ந்து போய்விடும்.

"தலை வாரிக்கிட்டேன்" என்றால் யார் தலை? என் தலை. "தலை வாரி விட்டேன்" என்றால்? தங்கச்சி தலை. பாருங்க, 'என்', 'அவள்' என்று எதுவுமே சொல்லவில்லை! ஆனாலும் புரிந்துவிட்டது. செய்கிற வேலை செய்தவரிடமே திரும்பி வந்தால் 'கொள்'. அடுத்தவருக்குப் போனால் 'விடு' அல்லது 'கொடு'. இலக்கணப் பாடத்தில் துணைவினை என்று படிக்கிறோமே, அதே ஆள்தான். 'கொள்' என்றால் முதலில் எடுத்துக்கொள்வது, வாங்குவது என்று பொருள். கொள்முதல் என்ற சொல்லில் அந்தப் பொருள் இன்னும் இருக்கிறது.

நம்ம மத்திகிரியில் ஒரே தெருவில் மூணு பாஷை கேட்கும். பக்கத்து வீட்டு அக்கா தெலுங்கில் "தல துவ்வுகுன்னானு" என்பார். எதிர் வீட்டு அஜ்ஜி கன்னடத்தில் "தலெ பாச்சிகொண்டெ" என்பார். நாம் "தலை வாரிக்கொண்டேன்" என்கிறோம். வாருவதற்கு மூணும் வேற வேற சொல். ஆனால் வாலைப் பாருங்கள்! குன்னானு, கொண்டெ, கொண்டேன். எல்லாம் ஒரே 'கொள்'தான். முகம் கழுவினாலும் அப்படியே: "கடுக்குன்னானு", "தொளெதுகொண்டெ", "கழுவிக்கொண்டேன்". இந்த மூணு பாஷையும் ஒரே குடும்பம் என்று கால்டுவெல் 1856ல் பெரிய புத்தகமே எழுதினார். நமக்கு அது தெருக்குழாயில் தண்ணி பிடிக்கும்போதே தெரிந்துவிடுகிறது. 'எல்லைக்காரங்க பேச்சு கலப்படம்' என்று சிலர் கேலி செய்வார்கள். இது கலப்படம் இல்லீங்க, சொந்தம்.

சரி, இதில் ஸ்பானிஷ் எங்கே வந்தது? என் மாமா பொண்ணு பெங்களூரில் காலேஜ் படிக்கிறாள். அங்கே ஸ்பானிஷ் ஒரு பாடம். ஸ்பெயின், மெக்சிகோ, கியூபா, அர்ஜென்டினா என்று சுமார் 20 நாடுகளில் பேசுகிற பாஷை அது. லீவுக்கு வந்தபோது அவள் நோட்டைப் புரட்டினேன். 'என் அன்றாட வேலைகள்' என்று ஒரு பாடம். அவளுக்கு அது ரொம்பக் கஷ்டமாம். எனக்குப் படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நம்ம 'கொள்' அங்கே உட்கார்ந்திருக்கிறது!

ஸ்பானிஷில் 'பெய்னோ' என்றால் வாருகிறேன். 'மே பெய்னோ' என்றால் வாரிக்கிறேன். 'மே' என்றால் 'என்னை, எனக்கு'. நீ வாரிக்கிறாய் என்றால் 'தே பெய்னாஸ்'. அவள் வாரிக்கிறாள் என்றால் 'சே பெய்னா'. நாம் என்றால் 'நோஸ் பெய்னாமோஸ்'. ஆளுக்கு ஆள் முன்னாடி இருக்கிற குட்டிச் சொல் மாறும், பின்னாடி வினையும் மாறும். நமக்கு அந்தத் தொல்லை இல்லை. நானோ நீயோ அவளோ, 'கொள்' ஒன்றே போதும், விகுதி மட்டும் மாறும். ஆனால் அகராதியில் பார்த்தால் 'பெய்னார்சே' என்று 'சே' நம்ம ஊர் மாதிரி கடைசியில் ஒட்டிக்கிட்டு இருக்கும்!

கை கழுவுவதை 'மே லாவோ லாஸ் மானோஸ்' என்கிறார்கள். 'என் கை' என்று சொல்வதில்லை, வெறும் கைதான். நாமும் "கை கழுவிக்கிட்டேன்" என்போம். "என் கையைக் கழுவினேன்" என்றால் என்னவோ போல இருக்கும். இங்கிலீஷில்தான் 'என்' என்று சொல்லியே ஆகணும். சண்டைக்கும் இதே கதை. "அடிச்சுக்கிட்டாங்க" என்றால் ஒருத்தரை ஒருத்தர் அடித்தார்கள். ஸ்பானிஷிலும் 'சே' போட்டால் அந்த அர்த்தம் வரும்.

எல்லாமே ஒத்துப் போகாது. அவர்களுக்கு 'பாஞார்' என்றால் குளிப்பாட்டு. 'மே பாஞோ' என்றால் 'என்னைக் குளிப்பாட்டிக்கிறேன்', அதாவது குளிக்கிறேன். (அந்த ஒலிக்கு நம்ம 'ஞ' எவ்வளவு சரியாக இருக்கு!) 'லெவாந்தார்' என்றால் தூக்கு. 'மே லெவாந்தோ' என்றால் எழுந்திருக்கிறேன். மார்கழிக் குளிரில் நானும் என்னைத் தூக்கித்தான் எழுப்புகிறேன்! தமிழில் இது தலைகீழ். குளி, எழு, தூங்கு எல்லாம் நமக்கு நாமே செய்வது. அடுத்தவருக்கு என்றால்தான் குளிப்பாட்டு, எழுப்பு, தூங்கவை என்று சொல் நீளும்.

இதெல்லாம் தெரிந்தபின் ஒரு நாள் எங்க அம்மா செய்ததை எல்லாம் வினைச்சொல்லாக நோட்டில் எழுதினேன். அம்மா கம்பெனிக்குப் போகிறவங்க, ஏழு மணிக்கு வேன் வந்துவிடும். எங்களை எழுப்பி விட்டாங்க. தம்பியைக் குளிப்பாட்டினாங்க. தங்கச்சிக்கு ஜடை போட்டு விட்டாங்க. மூணு டப்பா கட்டிக் கொடுத்தாங்க. சாயங்காலம் வந்து பாட்டிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தாங்க, தம்பிக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாங்க. ஒரு பக்கம் நிறைந்துவிட்டது. அதில் 'கொள்' எத்தனை? முகம் கழுவிக்கிட்டாங்க, தலை வாரிக்கிட்டாங்க, புடவை கட்டிக்கிட்டாங்க, படுத்துக்கிட்டாங்க. நாலே நாலு. என் பக்கத்தில் பாதிக்கு மேல் 'கிட்டேன்'தான்.

அஞ்சாவதாக ஒன்று இருந்தது. அதை எங்கே சேர்ப்பது என்று தெரியாமல் தனியாக எழுதினேன். "நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம் சாப்பிட்டுக்கிறேன்." இதில் 'கொள்' இருக்கிறது. ஆனால் தனக்காகவா சொன்னாங்க? 'என்னைப் பற்றிக் கவலைப்படாதே' என்று அர்த்தம். "நான் பாத்துக்கிறேன்" என்பதும் இந்த வகைதான். தெலுங்கில் "நேனு சூசுகுண்டானு", கன்னடத்தில் "நானு நோட்கோத்தீனி". ஸ்பானிஷிலும் 'யோ மே என்கார்கோ' என்று 'மே' போட்டுத்தான் சொல்கிறார்களாம். அடுத்தவர் பாரத்தைத் தன் மேல் எடுத்து வைத்துக்கொள்வதற்கும் அதே குட்டிச் சொல்!

அந்த வாரத்திலிருந்து தங்கச்சி ஜடையை நான் பாத்துக்கிறேன். ஸ்பானிஷில் 'பெய்னோ ஆ மி எர்மானா'. என் தங்கச்சிக்கு வாரி விடுகிறேன். இதில் 'மே' கிடையாது. (ஜடை கோணலாக இருந்தால் யாரும் சிரிக்கக் கூடாது.)

நீங்களும் ஒரு நாள் உங்க வீட்டில் எழுதிப் பாருங்க. வீட்டில் உருது பேசுகிற தோழிகள் "தலை வாரிக்கிட்டேன்", "வாரி விட்டேன்" இரண்டையும் உருதுவில் தமிழ் எழுத்தால் எழுதி, இந்தத் தாளுக்குக் கீழே ஒட்டுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

– 9 ஆம் வகுப்பு மாணவி