மரமும் பிசினும் இணையும் மேசை

ராஜஸ்தானிலுள்ள ஜோத்பூர், மரச்சாமான் ஏற்றுமதியில் பெயர் பெற்ற நகரமாகும். வாங்குவோர் கேட்கும் அளவில் உணவு மேசைகள் செய்து தரும் பட்டறைகள் அங்கு உண்டு. மாமரம், சீஷம் போன்ற மரங்களின் பலகைகளுக்கிடையே எபாக்சி பிசினை வார்ப்பது இத்தொழிலில் ஒரு புதுமுறை. கோணலும் வெடிப்பும் உடைய பலகைகளும் இதனால் மதிப்புப் பெறுகின்றன.

மரத்தை உலர்த்துவதே முதற் பணி. சூளையில் ஈரப்பதத்தை 8 முதல் 12 விழுக்காட்டிற்குக் குறைத்தல் வேண்டும். ஈரமரம் பின்னர் சுருங்கும். இறுகிய பிசின் அதனோடு சேர்ந்து சுருங்காது. ஆகவே இணைப்பு விட்டுப்போகும்.

பிசினும் கடினமாக்கியும் கலக்கும்போது வெப்பம் பிறக்கிறது. மிகக் கனமாக வார்த்தால் வெப்பம் வெளியேற இயலாமல் வெடிப்பு உண்டாகும். எனவே படலம் படலமாக வார்க்கின்றனர். கலவை தோலில் பட்டால் ஒவ்வாமை ஏற்படலாம். கையுறையும், தேய்க்கும்போது முகமூடியும் இன்றியமையாதவை. இறுகிய பிசினை மீண்டும் உருக்க இயலாது. அளவறிந்து கலப்பதே சிக்கனம்.

சீஷம் மரம் 2017 ஜனவரி முதல் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டிலுள்ளது. 2022-இல் பனாமா மாநாடு அளித்த சலுகை, 10 கிலோவுக்குக் குறைந்த மரமுள்ள பொருள்களுக்கே உரியது. உணவு மேசை பெரும்பாலும் அவ்வரம்பில் அடங்காது. மரம் சட்டப்படி பெறப்பட்டதென்ற சான்று தேவைப்படுகிறது. மாமரத்திற்கு இக்கட்டுப்பாடு இல்லை. காய்ப்பு ஓய்ந்த மரங்கள் பலகையானால் தோட்டக்காரருக்கும் வருவாய் கிட்டும். உலர்த்தும் சூளையைச் சிறு பட்டறைகள் கூட்டாக அமைத்துக்கொண்டால் தரமும் உயரும், மரமும் வீணாகாது.