மிதந்தால் மட்டும் போதுமா?

பிளாஸ்டிக் தொட்டியில் மெதுவாக இறக்கிவிட்டதும் எங்கள் வண்டி மிதந்தது. ஒன்பதாம் வகுப்பே கைதட்டியது. இரண்டு வாரம், மாலை வேளைகளில் உட்கார்ந்து வெட்டியும் ஒட்டியும் செய்த மாதிரி அது. எனக்கும் பெருமைதான். கைதட்டல் அடங்கியதும் ஒரு மாணவி கேட்டாள்: "சார், போட்டோவுல சக்கரம் பூரா தண்ணிக்குள்ள இருக்கு. நம்ம வண்டிக்கு மட்டும் ஏன் சார் வெளியே தெரியுது?"

உடனே சொல்ல என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லி வகுப்பை முடித்தேன். அந்த ஒரு கேள்வியைப் பின்தொடர்ந்து போனதில் கனஅளவு, மிதத்தல் விதி, ஈர்ப்பு மையம் ஆகிய மூன்றும் ஒரே தொட்டிக்குள் வந்து சேர்ந்தன. கடைசியில் அது மனித உயிர்களைப் பற்றிய பாடமாகவும் ஆனது. அந்த அனுபவத்தையே இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

வாத்து என்று பெயர் பெற்ற லாரி

தவளையை நாம் இருவாழ்வி என்று பாடத்தில் சொல்கிறோம். அதுபோல நிலத்தில் சக்கரத்தால் ஓடி, நீரில் படகாக மிதந்து செல்லும் வண்டியை நீர்நில ஊர்தி எனலாம். உலகப் புகழ் பெற்ற நீர்நில ஊர்திகளில் ஒன்று, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் உருவான டி.யு.கே.டபிள்யூ. இந்த நான்கும் தயாரிப்பு நிறுவனத்தின் குறியீட்டு எழுத்துகள். முதல் எழுத்தான 'டி', 1942ஆம் ஆண்டு வடிவமைப்பு என்பதைக் குறிக்கும். உச்சரிப்பு ஒத்துப்போனதால் படைவீரர்கள் அதை 'டக்', அதாவது வாத்து என்றே அழைத்தார்கள்.

அதன் உட்கூறு புதியதல்ல. ஏற்கெனவே ராணுவத்தில் ஓடிக்கொண்டிருந்த ஆறு சக்கர லாரிதான். அதைச் சுற்றிலும் நீர் புகாத படகு உடல் கட்டினார்கள். பின்புறம் ஒரு உந்துசுழலி, திசை திருப்ப ஒரு சுக்கான், உள்ளே கசியும் நீரை வெளியேற்ற பம்புகள். படகு உடலை வடிவமைப்பதில் பாய்மரப் படகுத் துறையைச் சேர்ந்த ராட் ஸ்டீபன்ஸ் பங்காற்றினார். மணலில் புதையாமல் இருக்க, ஓட்டுநர் தன் இருக்கையில் இருந்தபடியே டயரின் காற்றைக் குறைக்கவும் கூட்டவும் வசதி இருந்தது. தார்ச்சாலையில் கெட்டியான டயர், கடற்கரையில் தளர்ந்த டயர். அழுத்தம் பற்றிய பாடத்திற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தொடக்கத்தில் ராணுவ அதிகாரிகள் பலருக்கு இதில் நம்பிக்கை இல்லை. 1942 டிசம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராவின்ஸ்டவுன் அருகே ஒரு கடலோரக் காவல் படகு புயலில் மணல்திட்டில் சிக்கியது. சோதனைக்காக அங்கே இருந்த ஒரு 'வாத்து' கடலில் இறங்கி, அதிலிருந்த 7 பேரைக் காப்பாற்றியது. அதன்பின் எதிர்ப்பு அடங்கியது. மொத்தம் ஏறத்தாழ 21,000 ஊர்திகள் தயாராயின. 1943இல் சிசிலியிலும் 1944இல் நார்மண்டியிலும், துறைமுகமே இல்லாத கரைகளில் இவை கப்பலிலிருந்து சரக்கை நேராக நிலத்துக்குக் கொண்டு சேர்த்தன.

நீளத்தை 20ஆல் வகுத்தோம், நிறையை?

வீட்டில் நான் ஒட்டிவைத்திருந்த 1:35 அளவுப் பிளாஸ்டிக் மாதிரியை ஒருநாள் வகுப்புக்குக் கொண்டுபோனதில்தான் இதெல்லாம் தொடங்கியது. "இதைவிடப் பெருசா நாமளே செய்யலாம் சார்" என்றார்கள். 1:20 என்று முடிவு செய்தோம். உண்மையான ஊர்தியின் நீளம் ஏறத்தாழ 9.4 மீட்டர், அகலம் 2.5 மீட்டர். 20ஆல் வகுத்தால் 47 செ.மீ., 12.5 செ.மீ. உடலுக்கு சன்போர்டு, இணைப்புகளை அடைக்க எம்-சீல், சக்கரங்களுக்கு பாட்டில் மூடிகள்.

அளவுகள் எல்லாம் சரி. தராசில் வைத்தபோது மாதிரி 310 கிராம் இருந்தது. "உண்மையான வண்டி ஏறத்தாழ 5,900 கிலோ. அப்படியானால் நம் மாதிரி எவ்வளவு இருக்க வேண்டும்?" என்று கேட்டேன். பாதிப் பேர் 5,900ஐ 20ஆல் வகுத்து 295 கிலோ என்றார்கள். விடையைச் சொன்ன கையோடு அவர்களே சிரித்துவிட்டார்கள். கையில் தூக்கும் பொம்மை எப்படி 295 கிலோ இருக்கும்?

எங்கே தவறு? கணித உபகரணப் பெட்டியிலிருந்து ஒரு செ.மீ. கனசதுரங்களை எடுத்தோம். பக்கம் 1 செ.மீ. என்றால் ஒரு கனசதுரம். பக்கத்தை 2 ஆக்கினால் 8 வேண்டும், 3 ஆக்கினால் 27. நீளம் 20 மடங்கு என்றால் கனஅளவு 20 × 20 × 20, அதாவது 8,000 மடங்கு. மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரை வெளியேற்றுகிறது. மாதிரியும் உண்மையான ஊர்தியும் ஒரே விகிதத்தில் நீரில் அமிழ வேண்டுமானால், மாதிரி வெளியேற்றும் நீர் 8,000இல் ஒரு பங்காக இருக்க வேண்டும். ஆகவே அதன் நிறையும் 8,000இல் ஒரு பங்கு: 5,900 கிலோவுக்கு ஏறத்தாழ 738 கிராம்.

எங்கள் வண்டி இருக்க வேண்டிய நிறையில் பாதிகூட இல்லை. சக்கரம் வெளியே தெரிந்ததன் காரணம் அதுதான். கேள்வி கேட்ட மாணவியே கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடித்தாள்.

எடையை எங்கே வைப்பது?

இன்னும் 428 கிராம் சேர்க்க வேண்டும். இரும்பு நட்டுகளைக் கொண்டுவந்தோம். முதல் குழு அவற்றை ஒரு டப்பாவில் போட்டு ஓட்டுநர் அறையின் கூரைமேல் வைத்தது. விரலால் லேசாகத் தட்டியதும் வண்டி குப்புறக் கவிழ்ந்தது. இரண்டாவது குழு அதே நட்டுகளை அடித்தளத்தில் பரப்பி ஒட்டியது. தட்டினால் சாய்ந்தது, பிறகு தானே நிமிர்ந்தது. நிறை ஒன்றுதான், ஈர்ப்பு மையம் இருந்த உயரம்தான் வேறு. எப்போதும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டே நான் நடத்திவந்த பகுதி இது. இந்த முறை அம்புக்குறி தேவைப்படவில்லை.

இப்போது சக்கரங்கள் முழுவதும் நீருக்குள் போயின. படத்தையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். உண்மையான ஊர்தி ஏற்றும் சரக்கு ஏறத்தாழ 2,300 கிலோ. மாதிரிக்கு அது 288 கிராம். அதையும் ஏற்றியபோது வண்டி இன்னும் கொஞ்சம் இறங்கியது. மொத்தம் சுமார் ஒரு கிலோ.

தண்ணீர் உள்ளே வந்தால்?

எல்லாம் முடிந்தது என்று நினைத்தபோது அடுத்த கேள்வி வந்தது: "அலை அடிச்சா தண்ணி உள்ள வராதா சார்?"

பலகை ஒன்றால் தொட்டி நீரைத் தள்ளி அலை எழுப்பினோம். 1:20 மாதிரிக்கு 5 செ.மீ. உயர அலை என்பது உண்மையான வண்டிக்கு ஒரு மீட்டர் அலை. மூன்றாவது அலையிலேயே நீர் உள்ளே விழுந்தது. நீர் சேரச் சேர வண்டி இறங்கியது. இறங்க இறங்க அடுத்த அலைக்கு இன்னும் எளிதாகிவிட்டது. சற்று நேரத்தில் அடியில் போய் உட்கார்ந்தது. வகுப்பில் சத்தமே இல்லை.

அப்போதுதான் இரண்டு உண்மை நிகழ்வுகளைச் சொன்னேன். போருக்குப் பின் இந்த 'வாத்து'கள் பல, அமெரிக்காவில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளாக மாற்றப்பட்டன. வெயிலுக்கும் மழைக்கும் மேலே கூரை போட்டார்கள். 1999இல் ஆர்கன்சாஸ் மாநில ஏரி ஒன்றில் அப்படி ஒரு வண்டி மூழ்கி 13 பேர் இறந்தார்கள். இயக்கத் தண்டு உடலைவிட்டு வெளியேறும் இடத்தில் இருந்த ரப்பர் உறை சரியாக இறுகாமல் விலகியதால் உள்ளே நீர் புகுந்தது. வண்டி அமிழ்ந்தபோது கூரை பயணிகளை மேலே வரவிடாமல் தடுத்தது. விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், உள்ளே நீர் நிறைந்தாலும் மூழ்காதபடி கூடுதல் மிதப்பு ஏற்பாடு வேண்டும், அது இல்லாதவற்றில் கூரையை அகற்ற வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2018 ஜூலையில் மிசூரி மாநிலத்தின் பிரான்சன் அருகே, புயல்காற்றில் சிக்கி இன்னொரு வண்டி மூழ்கியது. அதிலிருந்த 31 பேரில் 17 பேர் இறந்தார்கள். அதற்கும் கூரை இருந்தது; அந்தக் கூடுதல் மிதப்பு இல்லை.

"அப்ப நம்ம வண்டியில அதைச் செய்வோம் சார்" என்றார்கள். இறுக மூடிய 300 மி.லி. காலி பாட்டில்கள் இரண்டை உள்ளே கட்டினோம். பாட்டில்களின் நிறைக்கு ஈடாகச் சில நட்டுகளை எடுத்துவிட்டோம். மறுபடி அலை. வண்டி நிறைய நீர். விளிம்பு வரை இறங்கியது, ஆனால் மூழ்கவில்லை. முதல் நாள் கைதட்டலைவிட இது பலமாக இருந்தது.

எந்த வகுப்பில் எதைச் செய்யலாம்?

தொடக்க வகுப்புகளில் கணக்கு எதுவும் வேண்டாம். மைதானத்தில் சுண்ணக்கட்டியால் 9.4 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலத்தில் ஊர்தியை வரையுங்கள். ஏறத்தாழ 25 வீரர்கள் ஏறிய வண்டி அது. 25 குழந்தைகளை உள்ளே நிற்கச் சொல்லுங்கள். களிமண் உருண்டை மூழ்குவதையும், அதே களிமண்ணைக் கிண்ணமாக்கினால் மிதப்பதையும் செய்து பார்க்கட்டும்.

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அளவுத்திட்டமும் கனசதுர அடுக்குகளும் போதும். ஒன்பதாம் வகுப்பில் 'பாய்மங்கள்' பாடத்தோடு முழுச் செயல்பாட்டையும் இணைக்கலாம். மேல்நிலை மாணவர்கள் வேகத்தையும் ஆராயலாம். ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃபுரூட் 1870களில் கப்பல் மாதிரிகளைத் தொட்டியில் இழுத்துக் கண்ட விதிப்படி, மாதிரியின் வேகத்தைக் கண்டறிய உண்மையான ஊர்தியின் வேகத்தை அளவு விகிதத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். நீரில் மணிக்கு 10 கி.மீ. செல்லும் ஊர்தியின் 1:20 மாதிரி, வினாடிக்குச் சுமார் 62 செ.மீ. நகர வேண்டும்.

ஒரு கவனம்: தொட்டி ஆழம் குறைந்ததாக இருக்கட்டும். கிணறு, குளம், ஏரிப் பக்கம் மாதிரியைக் கொண்டுபோக வேண்டாம். வெட்டும் கத்தி ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும்.

அறிவியல் கண்காட்சிகளில் நாம் பெரும்பாலும் பார்ப்பது அழகாக வண்ணம் பூசிய மாதிரிகளை. எங்கள் வண்டிக்கு இன்றுவரை வண்ணம் பூசவில்லை. ஆய்வக அலமாரியில் நட்டும் பாட்டிலுமாக நிற்கிறது. அதைப் பார்க்கும் புதிய மாணவர்கள் "இது மிதக்குமா சார்?" என்று கேட்கிறார்கள். பழைய மாணவர்கள்தான் பதில் சொல்கிறார்கள்: "தண்ணி நிறைஞ்சாலும் மிதக்கும்."